யோங்தோ தீவில் பதினொரு வாரம் சாப்பிட்ட கதை

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எங்கள் கம்பெனியின் டேங்கர் கப்பல் ஒன்றைத் தென்கொரியாவின் பூசான் நகரில் டிரை டாக்கில் (தண்ணீரில்லாமல் கப்பலை நிறுத்திப் பழுதுபார்க்கும் தளம்) ஏற்றியபோது, பழுதுபார்க்கும் வேலையை மேற்பார்வையிட என்னை அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்த வேலை, டேங்குகளின் உட்புறத் தகடுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக அரித்துப்போயிருந்ததால், பதினொரு வாரம் இழுத்தது. பட்டறை இருந்த இடம் யோங்தோ என்னும் தீவு. நகரத்தோடு பாலங்களால் இணைந்திருக்கும் அந்தத் தீவின் ஓர் ஓரம் முழுக்கக் கப்பல் பழுதுபார்க்கும் தொழில்தான். ஒரு காலத்தில் பெண்கள் கயிற்றில் தொங்கியபடி சுத்தியலால் துரு தட்டிய ஓசையையே பெயராக வைத்து, அந்தப் பகுதியை இன்றும் 'காங்காங்கி' என்று அழைக்கிறார்கள். எனக்கு அறை கிடைத்தது பாலத்துக்கு இந்தப் பக்கம், நாம்போதோங் கடைவீதியில்.

முதல் இரண்டு வாரம் நான் சாப்பிட்டது கொரியச் சாப்பாடுதான் என்றாலும், அதைப் பூசான் சாப்பாடு என்று சொல்ல முடியாது. படம் போட்ட மெனு அட்டையும் மொழிபெயர்ப்பும் உள்ள கடைகளாகத் தேடிப் போய் பிபிம்பாப், புல்கோகி, காரச் சாறு தடவிய வறுத்த கோழி என்று மாற்றி மாற்றித் தின்றேன். அவற்றில் ஒன்றும் மோசமில்லை. ஆனால் அதே பட்டியலைச் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியர்களுக்காக நடக்கும் உணவகங்களிலும் பார்த்திருக்கிறேன். மதுரைக்கு வந்து இறங்கிய ஒருவர் நான்கு நாளும் பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டு ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கருத்துச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது என் நிலைமை. எனக்கே அது தெரிந்திருந்தது. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

வழி காட்டியவர் தகடு மாற்றும் குழுவின் மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர், என்னைக் 'கம்தோக்னிம்' என்பார், நான் அவரைப் 'பான்ஜாங்னிம்' என்பேன். 'மேற்பார்வையாளர் அவர்களே', 'மேஸ்திரி அவர்களே' என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு ஓடவேண்டுமானால் கைபேசி மொழிபெயர்ப்புச் செயலி வேண்டும். ஓர் இரவு முழுக்க வெல்டிங் நடந்து, காலை ஆறரை மணிக்குப் பட்டறையை விட்டு வெளியே வந்தபோது, அவர் என் கையைப் பிடித்துச் சந்துக்குள் இருந்த ஒரு கடைக்கு இழுத்துப் போனார். பெயர்ப் பலகையில் இரண்டே சொல்: தேஜி குக்பாப். தேஜி பன்றி, குக் சாறு, பாப் சோறு.

வாசலிலேயே பெரிய கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்ற அம்மாள், கருப்பு மண்சட்டி ஒன்றில் ஆறிய சோற்றைப் போட்டு, மேலே மெல்லியதாக அரிந்த பன்றி இறைச்சியை அடுக்கி, ஓர் அகப்பை கொதிசாற்றை ஊற்றினார்; உடனே சட்டியைச் சாய்த்து, சோறு விழாமல் அகப்பையால் அணை கொடுத்து, அந்தச் சாற்றைக் கொப்பரைக்கே திருப்பினார். ஊற்றுவதும் வடிப்பதுமாக ஐந்தாறு முறை. இதற்கு 'தோர்யொம்' என்று பெயர். சூடான சோற்றைச் சாற்றில் போட்டால் குழைந்துவிடும். ஆறிய சோற்றை இப்படிக் கழுவிக் கழுவிச் சூடேற்றினால் ஒவ்வொரு பருக்கையும் சாற்றை உள்வாங்கியும் உடையாமல் நிற்கிறது, சட்டியும் நாக்கைச் சுடாத சூட்டில் மேசைக்கு வருகிறது. பழைய சோற்றின் அருமை தெரிந்த ஊர்க்காரனான எனக்கு, ஆறிய சோற்றுக்கென்றே ஒரு கைப்பாங்கு வைத்திருக்கிறார்கள் என்பதே அந்தச் சாப்பாட்டின் மேல் மரியாதையை உண்டாக்கியது.

சட்டியைச் சுற்றி வந்து இறங்கியவை: உப்பில் ஊறிய கூனி இறால், மிளகாய்த்தூளில் பிசறிய ஒரு வகைக் கீரை, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், சோயா விழுதுக் கலவை, முள்ளங்கிக் கிம்ச்சி (புளிக்கவைத்த கார ஊறுகாய்), கையளவு வெள்ளை நூல்போல வெந்த கோதுமை நூடுல்ஸ். நான் நேராகக் கரண்டியை எடுத்து உப்புத் தேட, மேஸ்திரி என் கையைத் தட்டிவிட்டார். முதலில் சாற்றை மட்டும் இரண்டு வாய் குடிக்க வேண்டும். பிறகு உப்புக்குப் பதில் கூனி இறாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். போட்டதை எடுக்க முடியாது என்பதால் இதில் அவசரம் கூடாது. நூடுல்ஸ் ஊறிப்போகும் முன்பு அதை முதலில் தின்றுவிட வேண்டும். அதன் பிறகு கீரையை மொத்தமாகக் கவிழ்த்து, சோற்றோடு கலந்து உண்ண வேண்டும். பூண்டின் மணமும் புல்லின் தட்டையான இலையும் கொண்ட அந்தக் கீரைக்குப் பொதுக் கொரிய மொழியில் 'பூச்சு' என்று பெயர். பூசான்காரர்கள் 'ஜொங்குஜி' என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க அந்த வட்டாரச் சொல்லைச் சொன்னால் கிண்ணம் நிறைந்து வரும். காரவிழுது சில கடைகளில் சாற்றிலேயே கலந்து வரும். வேண்டாதவர்கள் சட்டி வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குடல், ஈரல் வகையறாவைத் தவிர்ப்பவர்கள் இறைச்சி மட்டும் என்று கேட்கலாம். சோறு தனியாக வேண்டுமென்றால் 'தாரோ' என்றால் போதும். ஆனால் தாரோவில் தோர்யொம் இல்லை என்பதால், என் அபிப்பிராயத்தில் அது பாதிச் சாப்பாடுதான்.

அப்போது விலை 9,000 வொன். தொட்டுக்கொள்ளும் எதற்கும் தனிக் காசு கிடையாது, எத்தனை முறை கேட்டாலும் தருவார்கள். ஆனால் வாங்கியதை மிச்சம் வைத்தால் முகம் மாறும். சட்டியைக் கையில் தூக்கிக் குடிக்கக் கூடாது என்பதையும், கொரியர்கள் சோற்றையும் சாற்றையும் கரண்டியால்தான் உண்பார்கள் என்பதையும், குச்சிகள் தொடுகறிக்கு மட்டுமே என்பதையும் அன்றைக்கே கற்றேன். கரண்டியும் குச்சியும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறைக்குள் இருக்கின்றன என்பதுதான் எனக்குக் கடைசியாகத் தெரிந்தது. அதுவரை இரண்டு வாரமாக எல்லாக் கடைகளிலும் சைகை காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தச் சாறு ஏன் இந்த ஊரில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று கேட்டபோது மேஸ்திரி ஒரே சொல்லில் பதில் சொன்னார்: போர். 1950இல் தொடங்கி 1953இல் ஓய்ந்த கொரியப் போரின்போது, எதிரி கைக்குப் போகாமல் தப்பிய தென்கோடித் துறைமுகம் பூசான். தற்காலிகத் தலைநகரமும் அதுவே. வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வந்து குவிந்து, மலைச்சரிவுகளிலும் மாட்டுக்கொட்டகைகளிலும் குடியேறினார்கள். எலும்பை வேகவைத்து வயிறு நிரப்பும் சாறு அவர்களுக்கும் துறைமுகக் கூலிகளுக்கும் ஏற்றதாக அமைந்து, ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது.

அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். 'இந்த ஊரில் என்ன விசேஷம்?' என்று கேட்டால் கடற்கரை உணவகத்துக்குக் கை காட்டுவார்கள். 'கையில் காசில்லாத காலத்தில் உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டத் தொடங்கினேன். அதைப் படிப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள், பிறகு பட்டறையில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டு வாதம் செய்வார்கள். பூசானின் தனிச் சமையல் என்று சொல்லத்தக்க பெரும்பாலானவை அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தன.

மில்ம்யோன் அவற்றில் முதலாவது. கப்பல்காரர்கள் பலருக்கும் ஹுங்நாம் வெளியேற்றம் பற்றித் தெரிந்திருக்கும். 1950 டிசம்பரில் வடகிழக்குக் கரையின் ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து, மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பல் தன் சரக்கறைகளில் சுமார் 14,000 அகதிகளை ஏற்றிக்கொண்டு பூசானுக்கு வந்தது. ஊர் நிரம்பிவிட்டது என்று திருப்பிவிடப்பட்டு, பக்கத்துத் தீவான கோஜேயில் அவர்களை இறக்கியது. வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஹுங்நாம் பகுதி மக்கள் உருளைக்கிழங்கு மாவில் பிழிந்த குளிர்ந்த நூடுல்ஸை உயிராக விரும்புகிறவர்கள். பூசானில் அந்த மாவு இல்லை. உதவியாக வந்த அமெரிக்கக் கோதுமை மாவு இருந்தது. அதில் பிழிந்ததே மில்ம்யோன். 'மில்' என்றால் கோதுமை. ஊஆம்தோங் என்ற பகுதியில், பழைய மாட்டுக்கொட்டகைகள் குடியிருப்பாக மாறிய தெருக்களில் பிறந்த சாப்பாடு என்கிறார்கள். உறைந்து நொறுங்கிய சாற்றுக்குள் நூடுல்ஸும், மேலே மிளகாய் விழுதும், வெள்ளரியும், பாதி முட்டையும். உட்கார்ந்ததும் கெண்டியில் வரும் சூடான சாறு கை கழுவுவதற்கல்ல, குடிப்பதற்கு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, அதற்கு மேல் விளக்க விரும்பவில்லை. கத்தரிக்கோலால் குறுக்காக ஒரு முறை வெட்டி, வினிகரும் கடுகு விழுதும் சேர்த்து உண்டால், மே மாதத்து டேங்குக்குள் எட்டு மணி நேரம் நின்றவனுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

ஜகால்ச்சி மீன் சந்தையில் சுட்டுத் தரும் கொம்ஜாங்கோவின் கதையும் அதே வகைதான். பார்க்க விலாங்கு போல இருந்தாலும் அது விலாங்கல்ல. தாடையே இல்லாத, வழவழவென்று சளி கக்கும் கடல் உயிரினம். தோல் பணப்பை முதலிய பொருள்களுக்குப் போனது. தோலுரித்த சதையை யாரும் விரும்பாததால் ஏழைகள் கரியில் சுட்டுத் தின்றார்கள். இன்று அதற்கென்றே கடைவரிசை இருக்கிறது. உயிரோடு நெளிவதைக் கண்ணெதிரே தோலுரித்துத் தட்டில் போட்டதைப் பார்த்தபின் என்னால் இரண்டு துண்டுக்கு மேல் உண்ண முடியவில்லை. சுவையில் குற்றமில்லை, கணவாய்க்கும் கோழிக் குடலுக்கும் நடுவில் ஒரு கடிப்பு. பார்க்காமல் உண்ண விரும்புகிறவர்கள் உள்ளறையில் உட்காருவது நல்லது.

மேஸ்திரியின் கண் கலங்கியது ஒரே ஒரு சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதுதான்: ஜெச்சொப் குக். விரல் நகத்தளவுள்ள ஆற்றுமட்டியை வேகவைத்த, நீலம் பாய்ந்த வெண்மையான சாறு. உப்பும் அந்த ஜொங்குஜிக் கீரையும் தவிர வேறொன்றும் கிடையாது. அவருடைய சிறுவயதில், விடியற்காலையில் பெண்கள் தலையில் பாத்திரம் சுமந்து 'ஜெச்சொப் குக் சாயிசோ', அதாவது 'ஜெச்சொப் குக் வாங்குங்கோ' என்று கூவிக்கொண்டே சந்து சந்தாக வருவார்களாம். அந்தக் கூவலில்தான் ஊரே கண்விழிக்குமாம். நாக்தோங் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி முடித்தது 1987இல். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடம் போனதும் மட்டியும் குறைந்தது. இன்று பூசானில் கிடைக்கும் சாற்றுக்கு மட்டி பெரும்பாலும் மேற்கே சோம்ஜின் ஆற்றிலிருந்து வருகிறது. குடித்தபோது அது எனக்கு வெறும் நல்ல சாறு; முகத்துவாரம் அடைபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த கடற்கரைக்காரன் என்பதால், அவர் சட்டியை வைத்துவிட்டு வெளியே பார்த்தது மட்டும் புரிந்தது.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடியில் பிறந்தவன், ஏலக்கூடத்தில் மீன் பார்த்து வளர்ந்தவன் என்ற திமிரில், மேஸ்திரியை அழைக்காமல் கப்பலின் இரண்டாவது பொறியாளரை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறன்று மீன் சந்தை ஒன்றுக்குப் போனேன். தொட்டியில் இருந்ததை விரலால் சுட்டினேன், கடைக்காரர் மேலும் இரண்டு மீனை வலையில் அள்ளிக் கூடையில் போட்டார், தலையாட்டினேன். விலையைக் கிலோவுக்குக் கேட்கவில்லை, கூடையின் தண்ணீரை வடிக்கச் சொல்லவில்லை, தராசைப் பார்க்கவுமில்லை. அறுத்த மீனை எடுத்துக்கொண்டு மாடியில் உள்ள உணவகத்தில் உட்கார்ந்தால், இலை, விழுது, பூண்டு வைப்பதற்கு ஆளுக்கு 5,000 வொன். மீதி எலும்பில் காரச் சாறு வைக்க இன்னொரு தொகை. இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்தபோது 1,40,000 வொன் ஆகியிருந்தது. மாடிக்கான கட்டணம் ஊர் வழக்கம், அதில் ஏமாற்று எதுவும் கிடையாது. கீழே எடை போட்டதில்தான் கோட்டைவிட்டேன்.

மேஸ்திரி கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மறுவாரம் அவரோடு போனபோது அவர் செய்ததைக் கவனித்தேன். முதலில் பணத் தொகையைச் சொன்னார்: 'இரண்டு பேர், 50,000 வொன், என்ன தருவாய்?' மீனின் பெயரைக் கேட்கவே இல்லை. கடைக்கார அம்மாள் தொட்டிகளைப் பார்த்து, அந்த வாரத்தில் எது நன்றாக இருந்ததோ அதை எடுத்தார். வசந்தத்தில் தோதாரி என்னும் தட்டைமீன், இலையுதிர்காலத்தில் ஜொனோ என்னும் முள்மீன் என்று அங்கே ஒரு சொலவடையே இருக்கிறது. பருவம் தப்பிய மீனைப் பெயர் சொல்லிக் கேட்கிறவன் வெளியூர்க்காரன் என்று தானாகவே தெரிந்துவிடும். விலைப்பலகையில் எண்ணுக்குப் பதில் 'ஷிக்கா' என்று எழுதியிருந்தால் அன்றைய சந்தை விலை என்று பொருள். உட்காரும் முன்பே கேட்டுவிட வேண்டும், கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பச்சை மீனுக்குத் தொட்டுக்கொள்ள ஜப்பானியப் பச்சைக் காரவிழுதைத் தேடுகிறவர்களைப் பூசானில் மதிக்க மாட்டார்கள். மிளகாய் விழுதில் வினிகரும் சர்க்கரையும் கலந்த சோஜாங், அல்லது சோயா விழுதில் நல்லெண்ணெயும் பூண்டும் கலந்த மக்ஜாங். இலையில் மீனை வைத்து, விழுது தடவி, பூண்டும் மிளகாயும் சேர்த்து ஒரே வாயில் போட வேண்டும். வெற்றிலை மடிப்பது போலத்தான். பாதி கடித்து மீதியைக் கையில் வைத்திருப்பது மட்டும் கூடாது.

ஓமுக் என்னும் மீன்மாவுப் பண்டத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, அதுவே தெருவெங்கும் உங்களைத் தேடி வரும். 1953இல் யோங்தோவின் போங்னே சந்தையில் தொடங்கிய சம்ஜின் கடை இன்றும் அங்கே இருக்கிறது. குச்சியில் குத்திச் சாற்றில் மிதக்கும் ஓமுக்கோடு, வேறு ஊர்களில் அரிதாகவே காணப்படும் 'முல்தொக்' என்ற அரிசிக் கொழுக்கட்டைக் குச்சியையும் கேளுங்கள். சாறு இலவசம், தின்ற குச்சிகளை எண்ணித்தான் காசு வாங்குவார்கள், எனவே குச்சியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அடுப்பை மேசையில் வைத்துச் சமைக்கும் கடைகளில் குறைந்தது இரண்டு பேர் சாப்பாடு வாங்கியாக வேண்டும். ஒற்றை ஆளுக்கு உகந்தவை சட்டிச் சாறும் நூடுல்ஸும் விற்கும் கடைகளே. பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை பல கடைகள் அடைத்திருக்கும். அப்போது கூகுள் வரைபடம் அந்த நாட்டில் நடைவழியை ஒழுங்காகக் காட்டவில்லை. நேவர் வரைபடத்தைப் பதிவிறக்கிய பிறகே எனக்குச் சந்துகள் வசப்பட்டன. பரிமாறும் அம்மாளை 'இமோ' என்று அழைக்கிறார்கள்; அம்மாவின் உடன்பிறந்தவள், நம் கணக்கில் சித்தியோ பெரியம்மாவோ. வெளிநாட்டான் வாயில் அந்தச் சொல் வந்தால் திரும்பிப் பார்க்காதவர் இல்லை.

சைவர்களின் பாடு கடினம், இதை மறைப்பதில் பயனில்லை. எங்கள் கப்பலின் மின்பொறியாளர் கும்பகோணத்துக்காரர், முட்டைகூடத் தொடாதவர். 'இறைச்சி வேண்டாம்' என்று கொரிய மொழியில் எழுதி வைத்திருந்த சீட்டைக் காட்டினால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு நெத்திலிச் சாற்றில் நூடுல்ஸ் தருவார்கள். அங்கே நெத்திலி இறைச்சிக் கணக்கில் வருவதில்லை. கிம்ச்சியிலும் உப்பில் ஊறிய நெத்திலி இருக்கும், அதிலும் தெற்குக் கரைக் கிம்ச்சியில் கூடுதலாகவே இருக்கும். அவருக்கு முழு நம்பிக்கையோடு உண்ணக் கிடைத்தது பொமோசா என்ற புத்தக் கோயிலில்தான். அங்கே துறவிகள் பூண்டு வெங்காயமும் சேர்ப்பதில்லை. வெயில் தொடங்கிய பிறகு கோங்குக்சு கை கொடுத்தது: அரைத்த சோயாப் பாலில் போட்ட குளிர்ந்த நூடுல்ஸ், உப்பு மட்டும் தூவி. அதைக்கூடக் கடையில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வார்.

கப்பல் டாக்கிலிருந்து இறங்குவதற்கு முந்தைய ஞாயிறு, மேஸ்திரி என்னைத் தன் காரில் வடக்கே கிஜாங் பக்கம் தேபியோன் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். வசந்தகாலம் அங்கே நெத்திலிப் பருவம். கரையில் வரிசையாக நின்ற ஆண்கள், மழைக்கோட்டு அணிந்து, பாட்டுக்கு ஒத்த தாளத்தில் வலையை மேலே வீசி உதற, மீன்கள் வெள்ளிச் சில்லுகளாகத் தெறித்தன. கூடாரக் கடைகளில் பெண்கள் அதை அங்கேயே உப்பில் பிசைந்து வாளியில் அடைத்துத் தந்தார்கள். எங்கள் ஊர்க் கருவாட்டு மணம். நம் நெத்திலியைவிட இருமடங்கு நீளம். முள்ளை விரலால் உருவி, முட்டைக்கோசும் மிளகாய் விழுதும் சேர்த்துப் பிசறி, பச்சையாகவே ஒரு தட்டு வைத்தார்கள். மேஸ்திரி தட்டை என் பக்கம் தள்ளி, 'மாயி மூரா' என்றார். நிறையச் சாப்பிடு என்பதற்குப் பூசான் பேச்சு. வாயில் கரைந்த அந்த மீனில் கவிச்சியே இல்லை.

அன்றிரவு ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை.

"நெத்திலியைப் பச்சையாவா தின்னீங்க? எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.